பொட்டியும் குச்சியும்

பின்னேரக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அம்மா லயத்துக்கு ஏறி வர ஐந்தரை ஆகிவிடும். படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டு, கால் கழுவி, அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவி, ஒரு பிளேன்டி ஊற்றிக்கொண்டு உள்ளே வந்து உட்கார ஆறு மணி. அவர் உட்கார்ந்த பிறகுதான் எங்கள் வீட்டில் நாடகம் தொடங்கும். பகல் ஒன்றரைக்கு ஒளிபரப்பான நாடகமும் அப்போதுதான் தொடங்கும். முந்தின இரவு கரண்ட் போனதால் தவறிய நாடகமும் அப்போதுதான். டீவிக்காரர்கள் வைத்த நேரம் எங்கள் காம்பராவில் செல்லாது. அம்மா வந்து உட்காரும் நேரமே நேரம்.

இதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியது இரண்டு சாமான்களுக்கு. ஒன்று, டிஷ்ஷில் வருவதைப் பதிந்து வைக்கும் பெட்டி. மற்றது, இன்டர்நெட்டில் இருப்பதை டீவிக்குக் கொண்டுவரும் ஸ்டிக். அம்மாயி முன்னதைப் பொட்டி என்பார், பின்னதைக் குச்சி என்பார். வீட்டில் இப்போது எல்லோருக்கும் அதுதான் பெயர். இரண்டையும் ஒரே டீவியில் சேர்த்து மாட்டி வருசக்கணக்காகிவிட்டது. இன்றைக்கும் ரிமோட்டைக் கையில் எடுக்கும்போது புதுச்சாமான் வந்த வீட்டின் சந்தோஷம் எனக்கு. குச்சி வந்த பிறகு பொட்டி எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பொட்டி இருக்கக் குச்சி எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் நான் சொல்வது, எங்கள் வீட்டில் வந்து ஒரு நாள் இருந்து பாருங்கள். அதுவும் ஜூன் மாதத்தில்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வந்தால், மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் பாதை பிரிகிற நோர்வூட்தான் எங்கள் ஊர். சிவனொளிபாதமலைக் காலத்தில் நல்லதண்ணிக்குப் போகும் பஸ்கள் விடிய விடிய எங்களைக் கடந்து போகும். கெசல்கமு ஓயா பக்கத்தில் ஓடி காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுகிறது. சுற்றிலும் தேயிலை, அதற்கு மேலே மலை, மலைக்கு மேலே மூட்டம். கண்ணுக்கு இதைவிட அழகு கிடையாது. ஆனால் டீவிக்கு இந்த அழகு பெரிய சோதனை.

ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியபோது அதன் கோபுரம் நின்றது பிதுருதலாகல மேல். 2,524 மீற்றர், நாட்டிலேயே உயர்ந்த மலை. அது எங்கள் நுவரெலியா மாவட்டத்திலேயேதான் இருக்கிறது. இருந்தாலும் என்ன, பள்ளத்தில் இருக்கும் லயத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவில் இன்னொரு மலை நின்றுவிட்டால் படம் பேயாட்டம் ஆடும். சின்ன வயதில் அப்பா கூரை மேல் ஏறி அன்டெனாக் கம்பத்தைத் திருப்புவார். நாங்கள் கீழே நின்று "வந்திச்சி, வந்திச்சி... ஐயோ போயிருச்சி" என்று கத்துவோம். மனிதரின் முகத்துக்குப் பக்கத்தில் அதே முகத்தின் நிழல் ஒன்று நிற்கும். அதையும் ஆசையோடுதான் பார்த்தோம்.

டிஷ் வந்தது அந்தக் கவலையைத் தீர்த்தது. காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. செய்மதி நிற்பது பூமத்தியரேகைக்கு நேர் மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில். இலங்கை பூமத்தியரேகைக்கு மிகவும் கிட்ட இருக்கிறது. ஆகவே எங்கள் பகுதித் தமிழ்ச் சேனல்கள் வரும் செய்மதிகள் எங்களுக்கு வானத்தில் நல்ல உயரத்திலேயே இருக்கின்றன. எந்த மலையும் குறுக்கே வராது. பள்ளத்து லயமாக இருந்தாலும் உயரே வானம் தெரிந்தால் போதும். மலைநாட்டில் லயத்துக்கு லயம், கூரைக்குக் கூரை டிஷ் முளைத்ததற்கு இதுதான் ரகசியம்.

ஆனால் மழை இருக்கிறதே!

மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் செப்டெம்பர் வரைக்கும் எங்கள் பக்கம் வானம் திறந்தபடி. டிஷ்ஷுக்கு வருகிற அலை ஏறத்தாழ 12 கிகாஹேர்ட்ஸ், அலைநீளம் இரண்டரை சென்ரிமீற்றர்தான். கனத்த மழைத்துளிகள் அந்த அலையை உறிஞ்சும், சிதறடிக்கும். முதலில் படம் சதுரம் சதுரமாக உடையும், பிறகு குரல் விக்கும், பிறகு கறுப்புத் திரையில் 'சிக்னல் இல்லை'. எங்கள் ஆட்கள் பலர் மூட்டத்தின் மேல் பழி போடுவார்கள். பாவம் மூட்டம். அதன் துளிகள் மிகச் சின்னவை, அந்த அலையை அவை பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத மூட்டத்திலும் எங்கள் டீவி கண்ணாடி போலத் தெரியும். பெருமழைதான் எதிரி.

முதலில் வந்தது பொட்டி. 2016இல், எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்த புதிதில், யூஎஸ்பி வாசல் உள்ள எச்டி பெட்டி ஒன்றுக்கு மாறினோம். பின்பக்க வாசலில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் பதிவு செய்யலாம் என்று ஹட்டனில் கடைக்காரத் தம்பி சொன்னபோது நான் அவ்வளவாக நம்பவில்லை. 500 ஜீபி டிஸ்க் ஒன்றை வாங்கி வந்து செருகினேன். 'டிஸ்க்கை அழித்துத் தயார்ப்படுத்தவா' என்று பெட்டி கேட்டது. சரி என்று அழுத்தினேன். அன்று இரவு சிவப்புப் பொத்தானை அழுத்திப் பத்து நிமிடம் செய்தியைப் பதிந்து, திரும்ப ஓட விட்டேன். அப்பா எழுந்து நின்றுவிட்டார். வாசிப்பாளர் சொன்னதையே மறுபடி சொல்கிறார். நிறுத்தினால் வாயைத் திறந்தபடி நிற்கிறார். விட்டால் பேசுகிறார். அப்பா ரிமோட்டை வாங்கி அன்றைக்கு அந்த மனிதரை எத்தனை தடவை நிறுத்தினார் என்று கணக்கில்லை.

கணக்குப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய களஞ்சியம் தெரியுமா? சாதாரணச் சேனல் ஒன்று நொடிக்கு 2 மெகாபிட் அளவில் வந்தால் ஒரு மணி நேரம் 1 ஜீபியைக்கூட எட்டாது. 500 ஜீபியில் 500 மணி நேரம்! எச்டி என்றால் அதில் பாதி, சில நேரம் அதற்கும் குறைவு. அதுவே எங்களுக்கு எதேஷ்டம். நாடகம், பட்டிமன்றம், தைப்பொங்கல் சிறப்புப் படம், அம்மாயிக்கு எம்ஜிஆர். எம்ஜிஆர் என்றால் எங்கள் வீட்டில் சொந்தக்காரர் மாதிரி. அவர் 1917இல் பிறந்தது நாவலப்பிட்டியில் அல்லவா? கொழும்புப் பக்கமிருந்து ஹட்டனுக்கு ரயிலில் வருகிறவர்கள் அவர் பிறந்த ஊரைத் தாண்டித்தான் வரவேண்டும். ஸ்டேஷன் வரும்போதெல்லாம் அம்மாயி அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

பதிவு வைப்பதில் எனக்குப் பிடித்த வேலை, சேனலின் நிகழ்ச்சி அட்டவணையைத் திறந்து நாடகத்தின் பெயரில் ஒரு தடவை அழுத்தி, 'ஒவ்வொரு நாளும்' என்று கொடுத்துவிடுவது. நான் பள்ளிக்கூடத்தில், அம்மா மலையில், அப்பா கவ்வாத்து வேலையில். வீட்டில் டீவியைப் போட ஆளில்லை. பொட்டி தானாக விழித்து, தானாகப் பதிந்து, தானாகத் தூங்கிவிடும். டீவியே அணைந்திருக்கும். பொட்டியின் நெற்றியில் மட்டும் சின்னச் சிவப்புப் பொட்டு எரியும். விளம்பரங்களை ஓட்டிவிட்டால் அரை மணி நேர நாடகம் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. மலையில் நாள் முழுக்க நின்ற ஒருவருக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய பரிசு.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று ஞாபகம் வருகிறது. 1996இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னால் தள்ளியது. முதலில் ஒரு மணி நேரம், அதே வருசத்தில் அதை அரை மணி நேரமாகக் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் மறுபடி இந்தியாவின் நேரத்துக்கே வந்தோம். இடையில் கிட்டத்தட்ட பத்து வருசம், தமிழ்நாட்டுச் சேனலில் "இரவு 9 மணிக்கு" என்றால் நாங்கள் 9:30 என்று மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும். மாமா வீட்டு டிஷ்ஷில் நாடகம் பார்க்க அரை மணி நேரம் முந்திப் போய்க் குளிரில் இஸ்தோப்பில் குந்தியிருந்த நாட்கள் உண்டு. இப்போது பொட்டி இருப்பதால் எந்த நாட்டுக் கடிகாரமும் எங்களை அலைக்கழிக்க முடியாது.

பிறகு குச்சி வந்தது. 2021இல் தோஹாவில் வேலை செய்யும் என் தம்பி, ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவரிடம் ஷாவோமியின் மீ டீவி ஸ்டிக்கைக் கொடுத்தனுப்பியிருந்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புக் குச்சி. டீவியின் இரண்டாவது எச்டிஎம்ஐ வாசலில் செருகினேன். ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். மின்சாரத்தை டீவியின் யூஎஸ்பி வாசலிலிருந்து எடுக்க வேண்டாம். பல டீவிகளில் அது போதாது, ஸ்டிக் நடுவில் அணைந்து அணைந்து எழும்பும். 5 வோல்ட் 1 அம்பியர் தரும் தனி அடப்டரில் போடுங்கள். நான் இரண்டு நாள் ஸ்டிக்கையே சந்தேகப்பட்டு, மூன்றாவது நாள்தான் இதைக் கண்டுபிடித்தேன்.

இன்டர்நெட்டுக்கு 4ஜி ரவுட்டர். செய்மதி போலல்லாமல் டவருக்கும் எங்களுக்கும் நடுவில் மலை நிற்கும். ஆகவே வீட்டுக்குள் ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு மூலை மூலையாக நடந்து, இஸ்தோப்பு ஜன்னலின் இடது ஓரத்தில் நாலு கோடு விழும் இடத்தைக் கண்டுபிடித்தோம். அன்டெனாக் கம்பம் திருப்பிய அப்பாவுக்கு இது பழக்கமான வேலை. "அந்தக் காலத்துல கூர மேல ஏறுனேன், இப்ப ஜன்னலோட முடிஞ்சிருச்சி" என்று சொல்லிக்கொண்டே ரவுட்டருக்கு ஒரு பலகை அடித்தார்.

அம்மாவுக்குத் தட்டச்சு வராது. ஆனால் கூகுள் 2017 ஓகஸ்டிலேயே குரலில் தேடுவதைத் தமிழிலும் கொண்டுவந்துவிட்டது. போனில் யூடியூபைத் திறந்து மைக்கை அழுத்தி அம்மா பேசுவார். பேசியது தமிழ் எழுத்தாகத் திரையில் ஓடும். வந்த வீடியோவைத் தொட்டு, மூலையில் இருக்கும் டீவி அடையாளத்தை அமத்தினால் படம் போனிலிருந்து டீவிக்குத் தாவிவிடும். முதல் தடவை அம்மா அதைச் செய்தபோது போனைப் பார்ப்பதா டீவியைப் பார்ப்பதா என்று தெரியாமல் சிரித்த சிரிப்பு! நாப்பது வருசம் கொழுந்தெடுத்த விரல் அந்தக் கண்ணாடியை அவ்வளவு மெதுவாகத் தொட்டது.

அப்பாவுக்குக் குச்சி கொடுத்தது வேறு மாதிரியான வரம். 2010 ஜூலை 22, காலி மைதானம். முரளிதரன் தன் கடைசி டெஸ்ட்டில் 800ஆவது விக்கெட்டை எடுத்த நாள். ஓஜாவின் மட்டையில் பட்டு மஹேலவின் கையில் விழுந்த அந்தப் பந்தை உலகமே பார்த்தது. அப்பா பார்க்கவில்லை, மலையில் நின்றார். வேலை முடிந்து வரும் வழியில் யாரோ கத்திச் சொன்னதுதான் அவருக்குக் கிடைத்த நேரடி ஒளிபரப்பு. செய்தியில் ஒரு துண்டு பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். பதினொரு வருசம் கழித்துக் குச்சி வந்த வாரம் நான் அதைத் தேடிப் போட்டேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும், "திரும்பப் போடு" என்றார். போட்டேன். "இன்னொருக்கா." எங்கள் பொட்டி எவ்வளவு கெட்டிக்காரப் பொட்டியாக இருந்தாலும், அது வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்ததை அது பதிந்திருக்க முடியாது. குச்சிக்கு நேற்றும் ஒன்றுதான், பத்து வருசத்துக்கு முந்திய நாளும் ஒன்றுதான்.

இனி இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகிறது என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

எங்கள் பொட்டிக்கு ட்யூனர் ஒன்றுதான். ஒரு சேனலைப் பதியும்போது இன்னொரு சேனலைப் பார்க்க முடியாது. குச்சி வருவதற்கு முன்னால் அது வீட்டில் சண்டைக்குக் காரணமாக இருந்தது. நாடகம் பதிவாகிற நேரத்தில் அப்பா செய்திச் சேனலுக்கு மாற்றினால் 'பதிவு நின்றுவிடும், சரியா?' என்று பெட்டி கேட்கும். அம்மா அங்கிருந்தே முறைப்பார். இப்போது பொட்டி தன்பாட்டுக்கு முதல் வாசலில் பதிந்துகொண்டிருக்கும். நாங்கள் இரண்டாவது வாசலுக்கு மாறிக் குச்சியில் செய்தி பார்ப்போம். ட்யூனர் ஒன்று உள்ள பொட்டியை, காசு செலவழிக்காமல் இரண்டு ட்யூனர் பொட்டியாக்கிவிடுகிறது குச்சி. இதை நான் யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு நாள் தற்செயலாக நடந்தது, அன்றைக்கு நான் கைதட்டினேன்.

மழை வந்தால் டிஷ் போகும், 4ஜி பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். மாலை ஏழு மணிக்கு மேல் ஊர் முழுக்கப் போனில் இறங்கிவிட்டால் 4ஜி திணறும், வட்டம் சுற்றும். அப்போது பொட்டியில் பதிந்தது ஓடும், அதற்கு டேட்டாவும் வேண்டாம், வானமும் வேண்டாம். ஒன்று படுத்தால் மற்றது எழும்பும்.

டேட்டா என்றதும் சொல்கிறேன். டீவியில் 480 தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் அரை ஜீபி, 720 என்றால் ஒரு ஜீபிக்குக் கிட்ட. மாதச் சம்பளத்தில் ரீலோட் போடுகிற வீட்டுக்கு இது யோசிக்க வேண்டிய கணக்கு. ஆனால் எங்கள் நாட்டுப் பொதிகள் பலவற்றில் நள்ளிரவு முதல் காலை வரைக்கும் தனி டேட்டா தருகிறார்கள். ஊரில் அநேகருக்கு அது தூக்கத்தில் வீணாகும். தோட்டத்து வீட்டில் யார் தூங்குகிறார்கள்? அம்மா நாலரைக்கு எழும்பி அடுப்பு மூட்டுவார். ரொட்டி தட்டி, சம்பல் இடித்து, சாப்பாடு கட்டி, பிரட்டுக்குப் போகும் வரைக்கும் குச்சியில் பக்திப் பாட்டு, பட்டிமன்றம், சில நாள் தம்பி அனுப்பிய தோஹா வீடியோ. எல்லாம் இரவு டேட்டாவில். பகல் டேட்டா அப்படியே பிள்ளைகளின் பாடத்துக்கு மிச்சம். மாலையில் பொட்டி, விடியலில் குச்சி என்று எங்கள் வீட்டில் ஒரு முறை தானாகவே அமைந்துவிட்டது.

கிரிக்கெட் மட்டும் நேரலையாக டிஷ்ஷில்தான் பார்க்க வேண்டும். இதில் நான் பிடிவாதம். இன்டர்நெட் வழியாக வரும் நேரலை அரை நிமிடம், சில நேரம் அதற்கு மேலும் பிந்தி வரும். படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, அனுப்பி, இந்தப் பக்கம் சேர்த்து வைத்துப் பிறகு காட்டுவதால் வரும் தாமதம் அது. தனி வீட்டில் இருப்பவருக்கு அது தெரியவே போவதில்லை. லயத்தில் பக்கத்துக் காம்பராவுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அவர்கள் டிஷ்ஷில் பார்த்து "அவுட்!" என்று கத்தினால், எங்கள் குச்சியில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடத் தொடங்கியிருக்க மாட்டார்.

அந்தத் தாமதமே ஒரு நாள் எங்களைக் காப்பாற்றியது. 2022 செப்டெம்பர் 11, ஆசியக் கிண்ண இறுதி, துபாய். அந்த வருசம் நாடு எந்த நிலையில் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, மார்ச் 31இல் 13 மணி நேரக் கரண்ட் வெட்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் பொட்டி பதியாது. விட்டுப்போன நாடகங்களையெல்லாம் அந்த மாதங்களில் குச்சிதான் பிறகு தேடிக் கொடுத்தது. அப்படிப்பட்ட வருசத்தில் இலங்கை இறுதிக்கு வந்து நிற்கிறது. 58 ஓட்டத்துக்கு 5 விக்கெட் போய், பானுக ராஜபக்ஷ ஆட்டமிழக்காமல் 71 அடித்து 170க்குக் கொண்டுவந்தார். பாகிஸ்தான் துரத்துகிறது. 17ஆவது ஓவர், பந்து ஹசரங்கவின் கையில். அந்த நேரம் பார்த்து எங்கள் பக்கம் மழை கொட்டத் தொடங்கியது. படம் உடைந்தது, போனது. லயம் முழுக்க ஒரே நேரத்தில் "ஐயோ!" எல்லா டிஷ்ஷும் ஒரே வானத்தைத்தான் பார்க்கின்றன.

நான் ரிமோட்டை அமத்தி இரண்டாவது வாசலுக்குப் போனேன். குச்சியில் நேரலை பத்து நொடியில் எழும்பியது. பார்த்தால், டிஷ்ஷில் நாங்கள் கடைசியாகக் கண்ட பந்துக்கு முந்திய பந்து ஓடுகிறது! தாமதம் எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறது. ரிஸ்வான் போனார். ஆசிப் அலி முதல் பந்திலேயே போனார். குஷ்தில் ஷாவும் போனார். ஒரே ஓவரில் மூன்று பேர். பக்கத்துக் காம்பராக்காரர்கள் குடையைக்கூட எடுக்காமல் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். கட்டிலில், பாயில், அடுப்படிப் படியில் எல்லாம் ஆள். 23 ஓட்டத்தால் வெற்றி. அந்த இரவு நோர்வூட் முழுக்கப் பட்டாசு வெடித்தது. மழையில் நனைந்த பட்டாசும் எப்படியோ வெடித்தது. மறுநாள் பொட்டியில் பதிந்ததை ஓட்டிப் பார்த்தோம். ஹசரங்க ஓவரில் சதுரங்களும் கறுப்பும்தான் இருந்தன. குச்சி இல்லாவிட்டால் எங்கள் லயம் அந்த ஓவரைப் பார்த்திருக்காது.

இந்த இரண்டு சாமான்களின் பூர்வீகத்தைத் தேடியபோது எனக்குக் கிடைத்த ஒரு விஷயத்தை அன்றிலிருந்து கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் 1999இல் ஹார்ட் டிஸ்க்கில் டீவியைப் பதியும் பெட்டிகள் இரண்டு வந்தன. டிவோ ஒன்று, ரிப்ளே டீவி மற்றது. ரிப்ளே டீவியை உண்டாக்கியவர் அன்ரனி வூட். அதே மனிதர்தான் பிறகு ரோக்கு நிறுவனத்தைத் தொடங்கினார். 2008இல் நெட்ஃபிளிக்ஸை டீவிக்குக் கொண்டுவந்த முதல் சின்னப் பெட்டி அவர்களுடையது. ஜப்பான் மொழியில் ரோக்கு என்றால் ஆறு. அது அவருடைய ஆறாவது கம்பனி. பொட்டிக்கும் குச்சிக்கும் அப்பா ஒருவரே! இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிரியாக்கிப் பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அதற்கும் முன்னால், டீவியை வீட்டில் பதிவதே குற்றம் என்று சொல்லி யூனிவர்சல், டிஸ்னி கம்பனிகள், பதிவுக் கருவி விற்ற சோனி மேல் போட்ட வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984 ஜனவரியில் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவது சரி என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் ஃபிரெட் ரோஜர்ஸ், சிறுவர் நிகழ்ச்சி நடத்தியவர். தன் நிகழ்ச்சியைப் பெற்றோர் பதிந்து வைத்துத் தங்களுக்கு ஏற்ற நேரத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்பது குடும்பங்களுக்கு நல்ல உதவி என்று அவர் சொன்னதைத் தீர்ப்பிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஒரு ஓட்டு மாறியிருந்தால் அம்மாவின் ஆறு மணி என்ன ஆகியிருக்குமோ!

சில்லறை விஷயங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். இடி மின்னல் தொடங்கும் முன்பே டிஷ் வயரையும் மின் செருகியையும் கழற்றிவிடுங்கள், நாடகம் போனால் குச்சியில் தேடிக்கொள்ளலாம். பொட்டியின் மேல் துணி விரித்து அலங்காரம் செய்யாதீர்கள், அதற்கு மூச்சு வேண்டும். எங்கள் பூனைக்கு இதைப் புரியவைக்கத்தான் முடியவில்லை. ஜனவரிக் குளிரில் இந்த வீட்டில் மிகச் சூடான இடம் பொட்டியின் முதுகு என்று அது கண்டுபிடித்துவிட்டது. இப்போது பொட்டிக்கு மேலே ஒரு பலகை, பலகையில் பூனை. முக்கியமான இன்னொன்று, பொட்டி பதிந்த டிஸ்க்கை வேறு பெட்டியிலோ கம்ப்யூட்டரிலோ போட்டால் ஓடாது. அந்தப் பெட்டியின் பூட்டு அந்தப் பெட்டிக்கு மட்டும்தான் திறக்கும்.

அந்தப் பூட்டினால்தான் எங்கள் பழைய பொட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது.

2017 மே 12. இந்தியப் பிரதமர் மோடி வெசாக் விழாவுக்கு இலங்கை வந்து, டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய ஆஸ்பத்திரிக் கட்டடத்தைத் திறந்துவைத்துவிட்டு, நோர்வூட் மைதானத்தில் எங்கள் மக்களோடு பேசினார். தோட்டம் தோட்டமாகப் பஸ்ஸிலும் நடந்தும் பல்லாயிரம் பேர். முரளியைச் சொன்னார், எம்ஜிஆரைச் சொன்னார், முன்பு சொன்ன 4,000 வீட்டோடு இன்னும் 10,000 வீடு என்றார். அம்மாவும் டிவிசன் பெண்களோடு போயிருந்தார். நான் வீட்டிலிருந்து நேரலையைப் பொட்டியில் பதிந்தேன்.

அன்று இரவு அம்மா கால் வலியோடு வந்து உட்கார்ந்தார். ஓட விட்டேன். கூட்டத்தைக் காட்டும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, மெல்ல மெல்ல நகர்த்தி, நிறுத்தி... ஒரு மணி நேரம் தேடியிருப்போம். "அந்தா! அந்தா நான்! பச்சச் சீல!" என்று அம்மா எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தார். நகத்தளவு பச்சைப் புள்ளி. பக்கத்தில் மஞ்சள் புள்ளி அவர் கூட்டாளி. மூன்று நொடிதான். அதற்குள் கமரா மேடைக்குத் திரும்பிவிடுகிறது.

குச்சி வந்த பிறகு அந்தக் கூட்டத்தின் வீடியோவை யூடியூபிலும் தேடினோம். இருக்கிறது, பளிச்சென்று இருக்கிறது. மேடை தெரிகிறது, முன்வரிசை தெரிகிறது, பேச்சு முழுதும் கேட்கிறது. பச்சைச் சீலை மட்டும் இல்லை. அந்தக் கமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

போன மாதம் தம்பி விடுமுறைக்கு வந்தான். புதுப் பெட்டி ஒன்று வாங்குவோம், இது பழசாகிவிட்டது என்றான். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னார்: "புதுசு வாங்கு தம்பி, வேணாங்கல. பழசக் கழட்டிறாத. நான் அதுக்குள்ள இருக்கேன்."

இப்போது டீவியின் பின்னால் மூன்று வயர்.